வங்குரோத்து: சாவா, சிகிச்சையா?
(பொதுக்கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)



வங்குரோத்து என்ற சொல் நம்மவர் செவியில் சாவுப்பறையாகவே ஒலிக்கின்றது. கடைக்குப் பூட்டு, வாசலிலே ஏலம், ஊராரின் ஏளனம் என்பனவே அச்சொல்லுக்கு நாம் கண்ட பொருள். ஐக்கிய அமெரிக்காவிலோ அதற்கு வேறொரு பொருளும் உண்டு. அங்கே கம்பனிகள் பல, பிழைத்திருக்கவேண்டும் என்பதற்காகவே வங்குரோத்து மன்றின் வாயிலை நாடுகின்றன.

இந்த எண்ணம் புகைவண்டிப் பாதையில் பிறந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்நாட்டு இருப்புப்பாதைக் கம்பனிகள் பல கடனில் மூழ்கின. ஓடுகின்ற பாதைக்கு வருமானம் உண்டு; துண்டு துண்டாகப் பெயர்த்து விற்றால் அது பழைய இரும்பு. ஆகவே நீதிபதிகள் வண்டியை ஓடவிட்டு, கடனைத் திருத்தியமைத்தனர். அவ்வழக்கமே வளர்ந்து, 1978ஆம் ஆண்டின் வங்குரோத்துச் சட்டத்திலே பதினோராம் அத்தியாயமாக அமைந்தது.

மனுத் தாக்கலான கணமே கடன்கொடுத்தோரின் கை கட்டப்படுகின்றது. வழக்கு, பறிமுதல், ஏலம் யாவும் நிற்கும்; ஈடு பிடித்த வங்கியும் நிற்கவேண்டியதே. தன் ஈட்டின் பெறுமதி அழிந்துபோகின்றதென வங்கி காட்டினால் மன்று அதற்குக் காப்பளிக்கும். நிர்வாகமோ பெரும்பாலும் பழையவர் கையிலேயே இருக்கும். ஆங்கில மரபில் வெளியார் ஒருவர் வந்து பொறுப்பேற்பார். அமெரிக்கர், தொழிலை அறிந்தவனே நடத்தட்டும் என்றனர். மூழ்கும் கப்பலுக்கு எவன் கடன் கொடுப்பான் என்று கேட்பீர்கள். புதிதாகக் கொடுப்பவனுக்குப் பழையவர்க்கு முன்னே திருப்பிப்பெறும் உரிமையை மன்று அளிக்க முடியும். அதனால் கொடுக்கின்றான்.

அடுத்து வருவது திட்டம். முதல் 120 நாளும் அதனை முன்வைக்கும் உரிமை கடனாளிக்கே உரியது. கடன்கொடுத்தோர் வகுப்பு வகுப்பாக வாக்களிப்பர். வாக்களித்தோரில் பாதிக்கு மேற்பட்டோரும், கடன் தொகையில் மூன்றில் இரு பங்கினரும் இசைந்தால் அவ்வகுப்பு இசைந்ததாகும். இசையாத வகுப்பையும் சில நிபந்தனைகளுடன் நீதிபதி கட்டுப்படுத்தலாம். ஆயினும் உடைத்து விற்றால் கிடைக்கக்கூடியதிலும் குறைவான பெறுமதியை மறுத்து நிற்கும் எவர்மீதும் சுமத்த முடியாது. இச்சட்டத்தின் நேர்மை இந்த ஒரு விதியிலேயே தங்கியுள்ளது.

நாம் இதனைப் புகழ்பாட வரவில்லை. 2009 ஜூன் 1ஆம் நாள் மன்றுக்குச் சென்ற ஜெனரல் மோட்டார்ஸ், அரசாங்கப் பணத்தின் துணையோடு 40 நாளில் புதுக் கம்பனியாக வெளிவந்தது. பழைய பங்காளர் கையில் வெறுங் காகிதமே எஞ்சியது. தொழிலாளர் பலர் வேலை இழந்தனர். மன்றுக்குப் போகும் கம்பனி எல்லாம் பிழைப்பதுமில்லை. வழக்கறிஞர் கட்டணமோ முற்பந்தியிலேயே பரிமாறப்படுகின்றது. நம் தொழிலாரின் சாமர்த்தியத்தை எந்நாட்டிலும் குறைத்து மதிப்பிடவேண்டாம்!

கமக்காரர் கருத்திற் கொள்ளவேண்டியது பன்னிரண்டாம் அத்தியாயம். 1980களில் அமெரிக்கப் பண்ணைக் குடும்பங்கள் நிலவிலை வீழ்ச்சியால் நசிந்தன. கடனோ பழைய விலைக்கு வாங்கியது. நிலமோ புது விலைக்கு இறங்கியது. 1986இல் அவர்களுக்கெனத் தனி வழி திறக்கப்பட்டு, 2005இல் நிரந்தரமாக்கப்பட்டது. ஈட்டுக்கடனை நிலத்தின் இன்றைய பெறுமதிக்குக் குறைக்கலாம். அறுவடைக் காலத்தை ஒட்டித் தவணை அமைக்கலாம். கடன்கொடுத்தோரின் வாக்கும் வேண்டியதில்லை, நீதிபதியின் அங்கீகாரம் போதும்.

நம் நாட்டுக்கு வருவோம். வெள்ளையர் 1853இல் வங்குரோத்துக் கட்டளைச் சட்டத்தைத் தந்தனர். 2007ஆம் ஆண்டின் கம்பனிச் சட்டம் நிர்வாகி ஒருவரை நியமித்துக் கம்பனியைக் காக்கும் முறையைப் புகுத்தியது. ஆனால் கம்பனியாகப் பதியாத ஆலைக்காரனுக்கு அதனால் என்ன பயன்? மறுபுறத்தில், 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம், ஈடுவைத்த சொத்தை நீதிமன்றுக்குப் போகாமலே, பணிப்பாளர் சபைத் தீர்மானத்தால் ஏலமிடும் அதிகாரத்தை வங்கிகளுக்கு வழங்கியது. சிறு கடன்களுக்குப் பின்னர் விலக்கு வந்தது உண்மை. ஆனால் அரிசி ஆலை வைத்தவனின் கடன் சிறு கடனாக இருப்பதில்லை.

2022 ஏப்ரல் 12ஆம் நாள் இலங்கை அரசாங்கமே வெளிநாட்டுக் கடனைச் செலுத்துவதை நிறுத்தியது. பின்னர்ப் பேசித் தவணை நீட்டியது, ஒரு பகுதியைக் குறைத்தும் பெற்றது. தனக்கு அவகாசம் கேட்ட அரசு, அதே நெருக்கடியில் வட்டியேறி நொடித்த தன் குடிமகனுக்கு என்ன செய்தது? ஏல அதிகாரத்தைச் சில காலம் நிறுத்திவைத்தது, அவ்வளவே. நிறுத்திவைத்த நாளிலும் வட்டி வளரும். திட்டம் இல்லாத தடை, மருந்து கொடாமல் நோயாளியைக் கட்டிலிற் கிடத்துவதற்கு ஒப்பானது.

நாம் கேட்பது கடன் தள்ளுபடியன்று. ஏலத்தை நிறுத்தும் அதிகாரம் மாவட்ட நீதிமன்றுக்கு வேண்டும். அத்தடைக் காலத்துள் கடனாளி தன் திட்டத்தைத் தமிழிலேயே சமர்ப்பிக்க வழி வேண்டும். உடைத்து விற்றால் வருவதற்குக் குறையாத தொகை வங்கிக்கும் உறுதியாக வேண்டும். இதற்கான வரைவு ஒன்றை நாம் ஆயத்தம் செய்கின்றோம். ஆலைக்காரரும் கமக்காரரும் தத்தம் ஈட்டுறுதிப் பிரதி, வங்கிக் கடிதங்கள், மூன்றாண்டுக் கணக்கு என்பனவற்றை அடுத்த கூட்டத்துக்குக் கொணருமாறு வேண்டுகின்றோம். ஏல அறிவித்தல் பெற்றோர் அதுவரை காத்திராமல் நாளையே வரவேண்டும்.