சீனரும் நாமும்

(சோளிங்கரில் செய்த சொற்பொழிவு)

சீனர்களுடைய கலை, மொழி, சாப்பாடு ஆகியவைகளைப் பற்றிப் பேச வேண்டுமென்று இவ்வூர் வாலிபர்கள் நம்மைக் கேட்டுக் கொண்டார்கள். நாம் சீனம் கற்ற பண்டிதரல்ல. பள்ளிக்கூடத்திலும் அதிகம் படித்தவரல்ல. வாசித்தும் கேட்டும் நமக்கு எட்டியதைச் சொல்லுகிறோம். உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதை மாத்திரம் எடுத்துக் கொள்ளுங்கள்.

சீன எழுத்து நம்முடையதைப்போல் வெறும் ஒலியைக் குறிப்பதல்ல. பெரும்பாலும் ஒரு எழுத்து ஒரு சொல்லையோ, சொல்லின் ஒரு பாகத்தையோ குறிக்கும். கான்டன்காரன் பேசினால் பீக்கிங்காரனுக்கு விளங்காது; எழுதிக் காட்டினால் விளங்கும். எழுதும் தூரிகையே படம் தீட்டவும் உதவுவதால், அழகாய் எழுதுவதே அங்கே பெருங்கலை. ஆனால் பத்திரிகை வாசிக்க இரண்டாயிரம், மூவாயிரம் எழுத்துக்கள் தெரிய வேண்டுமென்றால் ஏழை என்ன செய்வான்? ஆகவே 1956-ல் பல எழுத்துக்களின் கோடுகளைக் குறைத்தார்கள். பழமை போய்விடுமே என்று அங்கும் சிலர் வருந்தினார்கள், காரியம் நிற்கவில்லை. நம் எழுத்துச் சீர்திருத்தத்தைக் "குடி அரசு" 1935-ல் ஆரம்பித்தது. சர்க்கார் ஒப்புக்கொள்ள 1978 ஆயிற்று!

இனி சாப்பாடு. தேயிலையில் உள்ள "தே" சீனத்துக் கடற்கரைச் சொல். சாயாவிலுள்ள "சா"வும் சீனச் சொல்லே. தென் ஜில்லாக்களில் வாணலியைச் சீனச்சட்டி என்றே சொல்லுகிறார்கள். அதிருக்கட்டும். பஸ் ஸ்டாண்டு வண்டிக் கடையில் "ஹக்கா நூடுல்ஸ்" என்று எழுதியிருக்கிறதே, ஹக்கா என்றால் என்ன?

அது பண்டத்தின் பெயரல்ல, தோழர்களே! ஒரு ஜனக்கூட்டத்தின் பெயர். "விருந்தாளிக் குடிகள்" என்று அர்த்தம். தென்சீனத்திலிருந்து கல்கத்தாவுக்கு வந்த இவர்கள் செய்த தொழில் என்ன தெரியுமா? தோல் பதனிடுவது! மேல்சாதி என்போர் தீட்டு என்று ஒதுங்கிய தொழிலில் இவர்கள் புகுந்து, டாங்க்ரா என்ற சதுப்பு நிலத்தில் தொட்டி கட்டி, ஆணும் பெண்ணும் குடும்பத்தோடு உழைத்து, நூற்றுக்கணக்கான தோல் ஷாப்புகளை உண்டாக்கினார்கள். அங்கே ஒரு காளி கோவிலில் நூடுல்ஸ் படைக்கிறார்களாம். காளி சாப்பிட்டதாய்த் தகவல் இல்லை.

1962-ல் சீனாவோடு யுத்தம் வந்தபோது, இந்நாட்டிலேயே பிறந்தவர்கள் உட்பட ஏறக்குறைய 3000 சீனர்களை ராஜபுதனத்துத் தேவ்லி முகாமில் அடைத்தார்கள். சிலர் வெளிவர ஐந்து வருஷமாயிற்று. 1996-ல் கழிவுநீர்க் காரணத்தால் டாங்க்ரா ஷாப்புகளை அப்புறப்படுத்த சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. நமது பாலாற்றுக் கேசிலும் அதே வருஷந்தான் தீர்ப்பு. பல ஷாப்புகள் சாப்பாட்டுக் கடைகளாயின.

இப்பொழுது இங்கே வாருங்கள். ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் தோல் ஊற வைக்கும் நமது தோழன் பக்கத்தில் வந்தால், மூக்கைப் பொத்திக் கொண்டு எழுந்து போகிற கனவான்கள் நம் ஜில்லாவில் இல்லையா? அவனுக்கு வீடு வாடகைக்கு இல்லை என்பவர்கள் இல்லையா? அதே கனவான் மாலையில் வண்டிக் கடையில் வரிசையில் நின்று, தோல்காரன் பெயரைச் சொல்லித் தட்டை நீட்டுகிறார். நீட்டும்போது, ஹக்கா என்பவர் யார் ஐயா என்று அவரை ஒரு வார்த்தை கேளுங்கள்.