லீட்ஸ் நகரில் கூடிய சிலர்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழா என்றால் அரங்கு நிறைந்துவிடுகின்றது. பாட்டும் நாடகமும் விருந்தும் இருக்கும்போது மக்கள் வாராதிருப்பரோ? ஆனால், மாதந்தோறும் நாம் நடத்தும் வாசகர் வட்டத்துக்கு வருவோர் எத்தனை பேர்? சென்ற மாதம் ஒன்பது பேர். அதற்கு முந்திய மாதம் எழுவர். அவ்வெழுவரிலும் இருவர் நாற்காலி எடுத்துப் போட வந்த செயற்குழு உறுப்பினர்கள். "இத்தனை பேருக்காக ஒரு கூடமும் விளக்கும் வேண்டுமா? நிறுத்திவிடலாமே" என்று பொதுக்குழுவில் ஒருவர் கேட்டார். கேட்டவர்மீது நமக்கு வருத்தமில்லை; கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கு விடை தேடும்பொருட்டே, இன்று ஒரு சிறு மாநாட்டின் வரலாற்றைச் சொல்ல விரும்புகின்றோம்.

விண்வெளிப் பயணம், பிற கோள்களின் உயிர்கள், வருங்கால உலகம் ஆகியவற்றைப் பற்றிய கற்பனைகளை விஞ்ஞானப் புனைகதைகள் என்கிறோம். 1930-களில் இவற்றை மலிவான தாளில் அச்சிட்ட அமெரிக்க இதழ்கள் கப்பலேறி இங்கிலாந்துக்கு வந்தன. அங்கே சில்லறைக் காசுக்கு விற்கப்பட்டன. கண்ணைப் பறிக்கும் அட்டைப் படங்களைக் கண்டு பெற்றோர் முகம் சுளித்தனர். பிள்ளைகளோ அவற்றைத் தேடித் தேடிப் படித்தனர். ஹியூகோ கெர்ன்ஸ்பேக் என்ற அமெரிக்கப் பத்திரிகையாசிரியர் 1934-இல் தம் வாசகர்களுக்கென ஒரு கழகம் கண்டார். அதன் கிளைகள் இங்கிலாந்திலும் தோன்றின. அவற்றுள் ஒன்று லீட்ஸ் என்ற தொழில் நகரத்தில் இருந்தது.

1936-இல் கெர்ன்ஸ்பேக்கின் இதழ் கைமாறிற்று. கடல் கடந்த ஒரு பத்திரிகையின் நிழலில் எத்தனை நாள் வாழ்வது என்ற எண்ணம் லீட்ஸ் இளைஞர்க்கு எழுந்தது. பல ஊர்களில் சிதறிக் கிடந்த வாசகர்களுக்கு அழைப்பு அனுப்பினர். 1937 ஜனவரி 3, ஞாயிற்றுக்கிழமை. லீட்ஸ் நகரின் பிரம்மஞான சபைக் கூடம். (உலகப் பிரம்மஞான சபையின் தலைமையகம் நம் அடையாற்றில் இருப்பதை நீங்கள் அறிவீர்கள்.) அங்கே அவர்கள் கூடினர். வந்தவர் தொகை இருபதைத் தாண்டவில்லை.

இதுவே விஞ்ஞானப் புனைகதைக்கென முன்கூட்டி அறிவித்துக் கூட்டப்பெற்ற முதல் மாநாடு என்பர். 1936 அக்டோபரில் நியூயார்க் வாசகர் சிலர் பிலடெல்பியா சென்று அங்குள்ள நண்பர்களைக் கண்டதே முதல் மாநாடு என்று வாதிடும் அமெரிக்கரும் உளர். அவ்வழக்கை அவர்களுக்கே விட்டுவிடுவோம். நாம் காண வேண்டுவது வேறு. கலைந்து செல்லுமுன் அந்தச் சிலர் என்ன செய்தனர்?

முதலாவதாக, தமக்கென ஒரு விஞ்ஞானப் புனைகதைச் சங்கம் நிறுவினர். இரண்டாவதாக, நனீட்டன் ஊர் நண்பர்கள் நடத்திவந்த 'நோவே டெர்ரே' என்ற சிற்றிதழ் அச்சங்கத்தின் இதழாயிற்று. மூன்றாவதாக, உறுப்பினர் எழுதும் கதைகளை வெளியிட வழி செய்தனர். அதே ஆண்டில், 'அமெச்சூர் சயன்ஸ் ஸ்டோரீஸ்' என்ற சிறு ஏட்டைச் சங்கம் வெளியிட்டது. மூன்று இதழ்களோடு அது நின்றுபோயிற்று. ஆனால் 1937 டிசம்பர் இதழில் ஓர் இளைஞரின் முதற் கதை அச்சேறிற்று. அவர் லீட்ஸ் கூட்டத்துக்கு லண்டனிலிருந்து வந்தவர். வயது 19. அரசு அலுவலகத்தில், நம்மில் பலரைப்போலவே, கணக்குத் தணிக்கை செய்யும் ஊழியர். பெயர் ஆர்தர் கிளார்க்.

அவரே பின்னாளில், 1945-இல், நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் செயற்கைக்கோள்களை நிறுத்தினால் உலகெங்கும் செய்தி அனுப்பலாம் என்று கட்டுரை எழுதினார். அவ்வுயரத்தில் ஒரு கோள் பூமியைச் சுற்ற ஒரு நாள் ஆகும். பூமியும் அதே வேகத்தில் சுழல்வதால் கோள் ஓரிடத்தில் நிற்பதுபோலவே தோன்றும். 1964-இல் அத்தகைய கோள் நிலைபெற்றது. 1975-76-இல் அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றின் துணையால் நம் நாட்டின் ஏறத்தாழ 2,400 சிற்றூர்கள் தொலைக்காட்சியைக் கண்டன. இன்று ஊரைவிட்டு இத்தனை தொலைவில், மார்கழிக் கச்சேரியை நம் கூடத்தில் அமர்ந்து பார்க்கின்றோமே, மொட்டை மாடியில் இருக்கும் அந்த வட்டில் எந்தத் திசையை நோக்கி நிற்கின்றது? அவர் சுட்டிய அந்த உயரத்தைத்தான்.

கிளார்க் 1956-இல் இலங்கையில் குடியேறினார். அவ்வாண்டிலேயே திருகோணமலைக் கடலில் நண்பர் மைக் வில்சனோடு மூழ்கி, 17-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் இடித்த கோணேசுவரர் கோயிலின் சிதைவுகளைக் கண்டார். ஞானசம்பந்தர் பாடிய தலத்தின் கற்றூண்களைக் கடலடியில் கண்டவர்களுள் லீட்ஸ் கூடத்து இளைஞரும் ஒருவர் என்பது நமக்கு உவகை தருவதன்றோ? 2008-இல் கொழும்பில் அவர் மறைந்தார்.

லீட்ஸ் கூட்டமே செயற்கைக்கோளைத் தந்தது என்று நாம் சொல்ல வரவில்லை. அந்த இளைஞர் அங்கே வாராதிருந்தாலும் எழுதியிருக்கக்கூடும். ஆயினும், முதற் கதையை எழுதிய கைக்கு அதை வாங்கி அச்சிட ஒரு சங்கம் இருந்தது. அச்சங்கம் சிலர் கூடியதால் பிறந்தது.

1939-இல் போர் மூண்டது. சங்கம் ஓய்ந்தது. இளைஞர் பலர் படையில் சேர்ந்தனர். எனினும் 1948-இல் லண்டனில் மீண்டும் மாநாடு கூடிற்று. சிற்றிதழோ 1939-இல் 'நியூ வேர்ல்ட்ஸ்' என்ற ஆங்கிலப் பெயர் பெற்று, 1946 முதல் கடைகளில் விற்கும் இதழாக வளர்ந்தது. 2014-இல் லண்டனில் நடந்த உலக விஞ்ஞானப் புனைகதை மாநாட்டுக்கு நேரில் வந்தோர் 7,000-க்கும் மேற்பட்டவர்.

அன்பர்களே! இதனால் நாம் அறிவது யாது? சிறு கூட்டமெல்லாம் பெருங்கூட்டமாகும் என்பதன்று. எத்தனையோ சிறு கூட்டங்கள் தடமின்றி மறைந்தன. கலையுமுன் ஒரு வேலையைக் கையிலெடுத்த கூட்டமே வாழ்கின்றது. நம் வாசகர் வட்டத்தின் குறை தலைகளின் எண்ணிக்கையில் இல்லை. தேநீர் அருந்தி, நூலைப் புகழ்ந்து, வீடு திரும்புகின்றோமே, அதுவே குறை.

ஆகவே வட்டத்தை நிறுத்த வேண்டா. ஆனால் இனி ஒவ்வொரு கூட்டமும் ஒரு பக்கத்தையாவது விட்டுச் செல்லட்டும். இங்குப் பிறந்து, வீதியில் இந்தியும் பள்ளியில் ஆங்கிலமும் பேசி வளரும் நம் பிள்ளைகள் தமிழில் நாலு வரி எழுதினால், எழுத்துப் பிழையை எண்ணாமல் முதலில் அதை வாங்கி வைப்போம். அடுத்த ஆண்டு மலரில் அவற்றுக்கெனப் பத்துப் பக்கம் ஒதுக்குவோம்.

ஒன்பது பேர் வந்தனர் என்று இனி யாரும் நாணத்தோடு சொல்ல வேண்டா. ஒன்பது பேரும் என்ன செய்தனர் என்று மட்டும் கேளுங்கள்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!