மடிக்கணினியின் உட்காவலன்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

இயலும் இசையும் நாடகமும் சுவைக்கக் கூடியிருக்கும் இம்மன்றத்தில், மடிக்கணினியின் பழுதைப் பற்றி யான் பேசப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும், மடிக்கணினி இல்லாத இல்லம் இன்று நம் காலனியில் அரிது. அது பழுதுற்றால் குடும்பத்தின் மாதச் செலவே தடுமாறுகின்றது. ஆதலின், என் இல்லத்தில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லி, அதனால் யான் கற்றதை உங்கள்முன் வைக்க விழைகின்றேன்.

கல்லூரியில் பயிலும் என் மகளின் மடிக்கணினி, அவள் எழுதிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று உறங்கிவிடும். பத்து நிமிடம் நன்றாக ஓடும். பிறகு திரை இருண்டுவிடும். தேர்வோ நெருங்கிவிட்டது. பழுது பார்ப்பவரிடம் கொண்டு சென்றோம். அவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "மதர்போர்டை மாற்ற வேண்டும்" என்றார். அவர் சொன்ன தொகைக்குப் பாதி விலையில் பழைய கணினி ஒன்றையே வாங்கிவிடலாம். "அப்பா, மாற்றுவதற்குமுன் என்னதான் நோய் என்று ஒருமுறை பாருங்களேன்" என்றாள் மகள். அச்சொல் என்னைச் சிந்திக்க வைத்தது.

மடிக்கணினியில் நாம் பெருமையாகப் பேசுவது அதன் பெரிய செயலியைத்தான். ஆனால் அதன் அருகே எம்பெடெட் கன்ட்ரோலர் என்னும் சிறு செயலி ஒன்று உண்டு. அதனை உட்காவலன் என்று அழைப்போம். நாமெல்லாரும் உறங்கும்போது நம் காலனியைச் சுற்றி வரும் இரவுக் காவலரைப் போன்றது அது. பெரிய செயலி அணைந்திருக்கும்போதும் அது விழித்திருக்கும். மின்பொத்தானை அழுத்தினால் முதலில் அறிவது அதுவே. மின்கலத்தை நிரப்புதல், விசிறியைச் சுழற்றுதல், விசைப்பலகையைக் கவனித்தல், மூடி திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று பார்த்தல் ஆகியவை பெரும்பாலும் அதன் பொறுப்பே.

இக்காவலனும் இயங்குதளமும் உரையாடுவதற்கு ஒரு முறை வகுக்கப்பட்டுள்ளது. இன்டெல், மைக்ரோசாப்ட், டோஷிபா ஆகிய மூன்று நிறுவனங்களும் 1996 டிசம்பரில் வெளியிட்ட ஏ.சி.பி.ஐ. என்னும் நெறிமுறையில் அது இடம்பெற்றுள்ளது. பொதுவாக வாயில்கள் இரண்டு. பதினாறடிமான எண்முறையில் 62 என்பது செய்திக்கு, 66 என்பது ஆணைக்கு. 80 என்று ஆணையிட்டால் படிக்கலாம். 81 என்றால் எழுதலாம். காவலனிடம் 256 அறைகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் ஒரு பைட். புதிய செய்தி இருந்தால் அது மணி அடிக்கும். உடனே லினக்ஸின் கெர்னல் 84 என்னும் ஆணையால் "என்ன செய்தி?" என்று வினவும். காவலன் ஓர் எண்ணைச் சொல்லும். அவ்வெண்ணுக்குரிய செயல், உற்பத்தியாளர் கணினியிலேயே எழுதி வைத்துள்ள அட்டவணையில் இருக்கும்.

இவ்வுரையாடலை நாமும் கேட்கலாம். லினக்ஸில் ஈ.சி.-சிஸ் என்னும் சிறு பகுதியை ஏற்றினால், அந்த 256 அறைகளும் ஒரு கோப்பாக நம் கண்முன் விரியும். நேரே வாயிலைத் தட்டுவதைவிட இவ்வழியே சிறந்தது. ஒரே சாளரத்தில் இருவர் ஒரே நேரத்தில் பேசினால் யார் கேட்டது யாருக்கு என்பது குழம்பிப்போகும். கெர்னலின் வழியே சென்றால் அதுவே வரிசை ஒழுங்கைக் காக்கும்.

யான் முதலில், மூடி மூடியதாகச் செய்தி வந்தாலும் உறங்க வேண்டாம் என்று இயங்குதளத்திற்குக் கட்டளையிட்டேன். கணினி உறங்கிவிட்டால் சோதனையும் உடன் உறங்கிவிடுமன்றோ? பிறகு அறைகளை நொடிக்கொருமுறை படித்து, முன்னதையும் பின்னதையும் ஒப்பிட்டேன். வெப்பமும் மின்கலமும் குறித்த எண்கள் ஓயாது மாறின. ஆனால் ஓர் அறையில் ஒரே ஒரு பிட் மட்டும் நெடுநேரம் அசையாதிருந்து, திடீரென மாறியது. அட்டவணையைப் பிரித்துப் படித்தேன். அந்தப் பிட்டின் பெயர் மூடி! கெர்னல் காட்டும் மூடியின் நிலையும் அதே கணத்தில் "மூடியுள்ளது" என்றது. மூடியோ எங்கள் கண்முன் அகலத் திறந்திருந்தது.

ஆக, காவலன் பொய் சொல்லவில்லை. அவனுக்கு வந்த செய்திதான் பிழை. மூடியை உணர்வது ஹால் சென்சார் என்னும் சிறு உறுப்பு. திரையின் ஓரத்தில் உள்ள காந்தம் அருகே வந்தால் மூடிவிட்டதென்று அது கொள்ளும். அப்படியாயின் வேறு காந்தம் எங்கே? மகளின் இடக்கையைப் பார்த்தேன். புதிய கைக்கடிகாரம், அதன் பட்டையின் கொளுவி காந்தத்தாலானது! கடிகாரத்தைக் கழற்றி வைத்தாள். அன்று முதல் கணினி தானாக உறங்கியதில்லை. செலவு ஒரு காசும் இல்லை.

இளைஞர்களே, இங்கே ஓர் எச்சரிக்கை. அந்தக் கோப்பில் படிக்கலாம், எழுதத் துணியாதீர். எந்த அறை எதற்கு என்பது மாதிரிக்கு மாதிரி வேறுபடும். ஒருவர் கணினியில் விசிறியை விரைவாக்கும் எண், இன்னொருவர் கணினியில் விசிறியையே நிறுத்திவிடக்கூடும். அதனாலன்றோ அதனை ஆக்கியோர், தனியே கேட்டாலன்றி எழுதும் வாயிலைத் திறப்பதில்லை! எல்லாப் பழுதும் இவ்வழியில் புலப்படும் என்றும் யான் கூறவில்லை.

பழுது பார்த்தவர்மேல் எனக்குக் குறையில்லை. அவர் கடையில் இருந்தவரை கணினி ஒருமுறைகூட உறங்கவில்லை. கடிகாரம் எங்கள் வீட்டில் அல்லவா இருந்தது! ஆனால், நோயை அறியுமுன் உறுப்பை மாற்றும் வழக்கம் நம் பணத்தையும் உழைப்பையும் வீணாக்குகின்றது. பிறந்த ஊரை விட்டுப் பிழைக்க வந்த நமக்கு ஒவ்வொரு ரூபாயும் அருமையானது. பொருளை வாங்கும் நாம், அதனிடம் வினவும் வழியையும் கற்றுக்கொள்வோமாக. "முதலில் பாருங்களேன்" என்ற என் மகளின் சொல்லையே இச்சங்கத்தின் இளைஞர்க்கு யான் வழங்கும் செய்தியாகக் கொள்ளுமாறு வேண்டுகின்றேன்.