உடலியங்கியலும் உயிர்காக்கும் தொழில்களும்



உடலியங்கியல் என்றதும் பலருக்கும் மருத்துவர் ஒருவரே நினைவுக்கு வருகிறார். மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்காதாயின் அக்கல்வியே தமக்குரியதன்று என மனந்தளர்ந்து விலகிவிடும் இளைஞரும் உளர். அது வீண் தளர்ச்சி. ஏன் என்பதைச் சிறுநீரகத்தைக் கொண்டே காண்போம்.

கைம்முட்டியளவேயுள்ள உறுப்பு அது. இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீர்மத்தை இரத்தத்தினின்று வடிக்கின்றன. உடலில் உள்ள இரத்தமோ ஐந்து லிட்டர்தான். 180 லிட்டர் எங்கிருந்து வந்தது என்று நீங்கள் வினவலாம். வடிந்ததில் பெரும்பகுதி உடனே இரத்தத்திற்கே மீள்கிறது, மீண்டும் வடிகிறது. சிறுநீராகக் கழிவது ஒன்றரை லிட்டர் அளவே.

இவ்வேலை நின்றுவிட்டால்? 1943ஆம் ஆண்டு, ஜெர்மானியப் படையின் பிடியிலிருந்த நெதர்லாந்தில், காம்பென் என்னும் சிற்றூரில் வில்லெம் கோல்ஃப் என்ற மருத்துவர் இதற்கு ஒரு வழி கண்டார். கொத்திறைச்சியை அடைக்கப் பயன்படும் செலோஃபேன் குழலை ஓர் உருளையில் சுற்றி, உப்புநீர்த் தொட்டியில் சுழலவிட்டு, நோயாளியின் இரத்தத்தை அக்குழலினுள் செலுத்தினார். யூரியா நுண்துளைகள் வழியே நீரில் கலந்தது; இரத்த அணுக்கள் உள்ளேயே தங்கின. தொடக்கத்தில் சிகிச்சை பெற்றோருள் பெரும்பாலோர் இறந்தனர். அவர் முயற்சியைக் கைவிடவில்லை. 1945இல், நினைவிழந்து கிடந்த 67 வயது மூதாட்டி ஒருவர் கண்விழித்துப் பிழைத்தார்.

அக்கருவியின் வழித்தோன்றல்களே இன்றைய டயாலிசிஸ் இயந்திரங்கள். பெரும்பாலான நோயாளிகள் வாரத்தில் இரண்டு அல்லது மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் அவற்றோடு பிணைந்திருக்க வேண்டும். அருகிருந்து கண்காணிப்பவர் பெரும்பாலும் மருத்துவர் அல்லர். பயிற்சி பெற்ற தொழில்நுட்பரும் செவிலியருமே. நீரை விரைந்து எடுத்தால் இரத்த அழுத்தம் தாழ்ந்துவிடும். பொட்டாசியம் மிகுந்தால் இதயமே நின்றுவிடக்கூடும். இவற்றின் காரணத்தை அறியாதவர் பொத்தானை அழுத்தலாம். நோயாளியைக் காக்க இயலாது.

இதய மின்வரைவு, மயக்கமருந்துத் தொழில்நுட்பம், இயன்முறை மருத்துவம் ஆகியவற்றிற்கும் இக்கல்வியே அடிப்படை. ஆராய்ச்சியில் நாட்டமுடையோர் முதுகலைக்கும் மேல் பயிலலாம். தமிழ்நாட்டில் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் டயாலிசிஸ் தொழில்நுட்பத்தில் இளமறிவியல் பட்டம் வழங்குகிறது. ஒன்று மட்டும் சொல்வேன்: பணம் கட்டுமுன், அக்கல்லூரி முறையான அங்கீகாரம் பெற்றதா, மாணவர் பயிற்சி பெற உண்மையிலேயே நோயாளிகள் வரும் மருத்துவமனை அதற்கு உண்டா என்று நேரில் சென்று விசாரியுங்கள்.