பழைய லேப்டாப்ல கேம் ஆடுறீங்களா? சூட்டையும் பேட்டரியையும் கொஞ்சம் கவனிங்க

(ஒலிபரப்பில் பேசியதன் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு ஒரு தப்பை ஒத்துக்கிட்டுத்தான் ஆரம்பிக்கணும். தப்பு என்னுடையது.

என் சித்தி பையன் திருச்சியில இன்ஜினியரிங் படிக்கிறான். அவன்கிட்ட இருக்கிறது 2018-ல வாங்கின ஒரு லேப்டாப். முதல்ல அவன் அக்கா படிச்சது, அப்புறம் இவன் கைக்கு வந்தது. எட்டாம் தலைமுறை ஐ5, கூடவே ஜிடிஎக்ஸ் 1050 கிராபிக்ஸ். காலேஜ் ப்ராஜெக்ட், ஆன்லைன் தேர்வு, ராத்திரி ஜிடிஏ ஃபைவ், எல்லாமே அதுலதான். வீட்டுல வேற கம்ப்யூட்டர் கிடையாது. அது போச்சுன்னா உடனே இன்னொண்ணு வாங்குற நிலைமையும் கிடையாது.

ஒருநாள் போன் பண்ணி, "அண்ணா, டச்பேட் அழுத்தவே மாட்டேங்குது, கல்லு மாதிரி இருக்கு"ன்னான். நான் என்ன சொன்னேன்? "பழசாயிடுச்சுடா, ஒரு மவுஸ் வாங்கிக்கோ." அவ்வளவுதான். குடும்பத்துல கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஆள் நான்தான். நான் சொன்னா அவன் நம்புவான். நம்பி மவுஸ் வாங்கிட்டான்.

ரெண்டு மாசம் கழிச்சு மே மாசத்துல ஊருக்குப் போனேன். லேப்டாப் மெத்தை மேல இருக்கு, சார்ஜர் மாட்டியிருக்கு, ஏதோ கேம் டவுன்லோட் ஆகிட்டு இருக்கு. பக்கத்துலயே தலையணை, அதுல அவன் தூங்குறான். லேப்டாப்பைத் தூக்கி மேசை மேல வெச்சேன். நாலு காலும் தரையில படியலை, தொட்டா ஆடுது. அடிப்பக்கம் வயிறு மாதிரி உப்பியிருக்கு. டச்பேட் அழுந்தாததுக்குக் காரணம் அப்பத்தான் புரிஞ்சுது. கீழே இருக்கிற பேட்டரி வீங்கி, அதை மேல தள்ளிக்கிட்டு இருந்திருக்கு. ரெண்டு மாசமா அதே பேட்டரியோடதான் அவன் ராத்திரி தூங்கியிருக்கான்.

அதனால இன்னைக்குப் பேச்சு எஃப்.பி.எஸ். கூட்டுறது பத்தி மட்டும் இல்லை.

முதல்ல வீக்கம்

இன்னைக்கு லேப்டாப்ல எல்லாம் இருக்கிறது லித்தியம் அயன் பேட்டரிதான். 1991-ல சோனி விற்பனைக்குக் கொண்டு வந்த தொழில்நுட்பம். இதை உருவாக்கினதுக்காக 2019-ல மூணு விஞ்ஞானிகளுக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைச்சுது. அருமையான கண்டுபிடிப்பு. ஆனா உள்ளே இருக்கிற திரவம் சீக்கிரம் தீப்பிடிக்கக்கூடியது. சூட்டுலயும் வயசுலயும் அந்தத் திரவம் சிதைஞ்சு வாயு உண்டாகுது. அந்த வாயுதான் வீக்கம்.

டச்பேட் அழுந்தலை, கீபோர்டு நடுவுல மேடா இருக்கு, மூடி சரியா மூடலை, மேசையில வெச்சா ஆடுது: இதுல எது இருந்தாலும் உடனே ஆஃப் பண்ணி சார்ஜரைக் கழட்டிடுங்க. அழுத்தி உள்ளே தள்ளப் பார்க்காதீங்க. ஊசியால குத்திக் காத்தை விடலாம்னு யாராவது சொன்னா, தயவுசெய்து கேட்காதீங்க. நெருப்பு வந்துடும். மெத்தை, துணி, பேப்பர் இல்லாத இடத்துல, டைல்ஸ் தரையில வெச்சுட்டு, சர்வீஸ் பண்றவங்ககிட்ட கொண்டு போங்க. கழட்டின பேட்டரியைக் குப்பைத் தொட்டியில போடக்கூடாது. 2022-ல வந்த பேட்டரிக் கழிவு விதிகள்படி பழைய பேட்டரியைத் திரும்ப எடுத்துக்கிற பொறுப்பு தயாரிப்பாளருக்கு இருக்கு. அதனால மாத்துற இடத்துலயே அதைக் கொடுத்துடுங்க.

பேட்டரி ஏன் கெடுது?

வயசு, சார்ஜ் சுழற்சி, சூடு, எந்நேரமும் 100 சதவீதத்துலயே நிக்கிறது. இந்த நாலுதான் காரணம். முதலாவதை நாம ஒண்ணும் பண்ண முடியாது. சுழற்சின்னா மொத்தமா ஒரு பேட்டரி அளவு கரண்ட்டைச் செலவழிக்கிறது. இன்னைக்குப் பாதி, நாளைக்குப் பாதின்னாலும் அது ஒரே சுழற்சிதான்.

நம்ம கையில இருக்கிறது மூணாவதும் நாலாவதும். கேம் ஆடுறப்போ ரெண்டும் ஒண்ணா சேர்ந்துக்குது. சார்ஜர் மாட்டியே ஆடுறோம், அதனால பேட்டரி 100-லயே நிக்குது. பக்கத்துல சிபியுவும் கிராபிக்ஸ் சிப்பும் கொதிக்குது. சிப் 90 டிகிரி தாங்கும். இன்டெல் சிப் பலதுக்கு 100 டிகிரிதான் எல்லை. அதைத் தொட்டா அதுவே வேகத்தைக் குறைச்சுத் தன்னைக் காப்பாத்திக்கும். பேட்டரி கதை வேற. பொதுவா 45 டிகிரிக்கு மேல சார்ஜ் ஏத்தவே கூடாதும்பாங்க.

அப்போ சார்ஜரைக் கழட்டிட்டு ஆடலாமான்னு கேட்பீங்க. வேண்டாம். கேம் இழுக்கிற கரண்ட்டுக்கு பேட்டரி மளமளன்னு காலியாகும், சூடாகும், சுழற்சியும் ஏறும். கேமும் மெதுவாத்தான் ஓடும். சார்ஜர் மாட்டியே ஆடுங்க. ஆனா பேட்டரி 60-லயோ 80-லயோ நிக்கிற மாதிரி பண்ணுங்க. லெனோவோவில அதுக்குப் பேர் கன்சர்வேஷன் மோட். அசுஸ்லயும் இந்த மாதிரி எல்லை வைக்கலாம். டெல், எச்பி மாடல்கள் பலதுல பயாஸ்குள்ள போனா கிடைக்கும். நிறைய பேர் லேப்டாப்ல இந்த வசதி இருக்கு, யாரும் திறந்து பார்த்ததில்லை. ஊருக்குப் போறப்போ மட்டும் 100 வரை ஏத்திக்கோங்க.

மாசம் ஒரு தடவை முழுசா காலி பண்ணி ஏத்தணும்னு ஒரு பழைய நம்பிக்கை இருக்கு. அது நிக்கல் காட்மியம் பேட்டரி காலத்துப் பேச்சு. லித்தியத்துக்குத் தேவையில்லை.

உங்க பேட்டரி எந்த நிலையில இருக்குன்னு விண்டோஸே சொல்லும். கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து "பவர்சிஎஃப்ஜி", ஒரு இடைவெளி, ஒரு சாய்வுக்கோடு, "பேட்டரிரிப்போர்ட்"னு ஆங்கிலத்துல அடிங்க. ஒரு அறிக்கை வரும். அதுல டிசைன் கெப்பாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டின்னு ரெண்டு எண் இருக்கும். தம்பியோடதுல 48,000-க்கு 27,000 தான் மிச்சம். ரெண்டு மாசத்துக்கு முன்னாடி போன்லயே இதை நான் பார்க்கச் சொல்லியிருக்கலாம்.

சார்ஜர்ல இருந்த இன்னொரு தப்பு

அவன்கிட்ட விசாரிச்சப்போ ஒண்ணு சொன்னான். "கேம் ஆடுறப்போ சார்ஜர் மாட்டியிருந்தாலும் சார்ஜ் இறங்கும்ணா." பழைய சார்ஜர் கெட்டுப்போய், முனை பொருந்துதேன்னு நண்பனோட சார்ஜரை வாங்கியிருக்கான். இவன் லேப்டாப்புக்கு வேண்டியது 130 வாட். அது 65 வாட். சார்ஜர் கொடுக்கிறது போதலைன்னா மீதியை பேட்டரி கொடுக்கும். ஆட்டம் முடிஞ்சதும் திரும்ப ஏறும். தினமும் இப்படி இறங்கி ஏறி, அதுவும் சூட்டுல. உங்க சார்ஜர் மேல எழுதியிருக்கிற வாட் அளவைப் பாருங்க. வாட் எழுதலைன்னா வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்குங்க.

இப்போ சூடு

ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க. லேப்டாப் ஃபேன் காத்தைக் குளிர வைக்காது, தள்ளத்தான் செய்யும். ரூம்ல 38 டிகிரின்னா அந்த 38-ஐத்தான் உள்ளே இழுக்குது. டிசம்பர்ல சரியா ஓடின கேம் மே மாசத்துல பத்து நிமிஷத்துக்கு அப்புறம் திணறுதுன்னா இதுதான் காரணம். சிப் எல்லையைத் தொட்டு வேகத்தைக் குறைச்சுக்குது.

காசு செலவில்லாத வேலையிலிருந்து ஆரம்பிப்போம். மெத்தையில வெச்சு ஆடாதீங்க. காத்து இழுக்கிற ஓட்டை அடியிலதான் இருக்கு, மெத்தை அதை அடைச்சிடும். மேசையில வெச்சு, பின்பக்கம் ரெண்டு ஓரத்துக்கும் ஒரு புத்தகம் கொடுத்து ஒரு அங்குலம் தூக்குங்க. கூலிங் பேட் வாங்குறதுக்கு முன்னாடி இதைச் செஞ்சு பாருங்க. ஐஸ், ஈரத்துணி எல்லாம் வேண்டாம், உள்ளே தண்ணி கோத்துக்கும்.

அடுத்து ஃபிரேம் ரேட். உங்க திரை 60 ஹெர்ட்ஸ்னா கேம் 90 ஃபிரேம் போட்டு என்ன பயன்? கண்ணுக்குத் தெரியாத முப்பது ஃபிரேமுக்கும் சேர்த்து சிப் வேகுது. கேம் செட்டிங்ஸ்ல 60-க்குக் கட்டுங்க. கனமான கேம்னா 45 கூட போதும். நிழல் தரத்தை ஒரு படி இறக்குங்க.

மூணாவது, டர்போ. விண்டோஸ் பவர் ஆப்ஷன்ஸ்ல ப்ராசஸரோட அதிகபட்ச நிலைன்னு ஒண்ணு இருக்கும். அதை 100-லிருந்து 99 ஆக்கினா இன்டெல் சிப்ல டர்போ நின்னுடும். ஒரு சதவீதம்தானேன்னு நினைக்காதீங்க. டர்போவுக்கு மின்னழுத்தமும் கூடணும். மின்னழுத்தம் ரெண்டு மடங்கானா சூடு நாலு மடங்காகும், அதுதான் கணக்கு. அதனால கொஞ்சம் வேகத்தை விட்டாலே நிறைய சூடு குறையும். சில லேப்டாப்ல இந்த வரி தெரியாது. அப்போ ஃபிரேம் கட்டுறதோட நிறுத்திக்கோங்க.

திறந்து சுத்தம் பண்றது

வெளியிலிருந்து ஊதினா தூசி முழுசா போகாது. ஃபேனுக்கும் ஹீட் சிங்க் தகடுகளுக்கும் நடுவுல தூசி படிஞ்சு கம்பளி மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கும். அடிமூடியைக் கழட்டித்தான் எடுக்கணும். கழட்டுறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்துக்கோங்க. ஸ்க்ரூ நீளம் வேற வேறயா இருக்கும், தாளில படம் வரைஞ்சு அந்தந்த இடத்துல வையுங்க. திறந்ததும் முதல் வேலை பேட்டரி இணைப்பைக் கழட்டுறது. ஃபேன் சுத்தாம விரலால பிடிச்சுக்கிட்டு ப்ளோயர் அடிங்க, இல்லைன்னா பேரிங் கெடும்.

அஞ்சாறு வருஷ லேப்டாப்னா தெர்மல் பேஸ்ட்டும் காய்ஞ்சிருக்கும். பழசை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைச்சிட்டுப் புதுசு வைக்கலாம். பக்கத்துல மெமரி மேல இருக்கிற பட்டையான பேடை எடுத்துட்டு அங்கேயும் பேஸ்ட் தடவிடாதீங்க. பேட் கனத்துக்கு இருக்கிற இடைவெளியைப் பேஸ்ட் நிரப்பாது. கை நடுங்குறவங்க தூசியோட நிறுத்திக்கோங்க, அதுலயே பாதி பலன் வந்துடும்.

என்ன ஆச்சு?

வீங்கின பேட்டரியைக் கடையில கழட்டினோம். புதுசு வர்ற வரைக்கும் பேட்டரி இல்லாமலே சார்ஜர்ல ஓட்டினான். வேகம் குறைவா இருந்துச்சு. ரெண்டு தடவை கரண்ட் போய், சேவ் பண்ணாத ப்ராஜெக்ட்டும் போச்சு. பத்து நாள்ல பேட்டரி வந்துச்சு, சரியான வாட் சார்ஜரும் வாங்கினோம். தூசி எடுக்கிறதுக்கு முன்னாடி அதே கேம்ல 96 டிகிரி. எடுத்து, புது பேஸ்ட் வெச்சதும் 84. ஃபிரேமை 60-க்குக் கட்டினதும் 76. இது எங்க கணக்கு, உங்களுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே வரும். சார்ஜ் இப்போ 80-க்கு மேல ஏறாது. ராத்திரி டவுன்லோட் போட்டா லேப்டாப் மேசையில இருக்கும், மெத்தையில இல்லை.

சித்திக்கு இந்த டிகிரிக் கணக்கெல்லாம் தெரியாது. "அது வெடிச்சிருக்குமாப்பா?"ன்னு மட்டும் கேட்டாங்க. எல்லா வீங்கின பேட்டரியும் வெடிக்காது சித்தின்னு சொன்னேன். அது உண்மைதான். ஆனா எது வெடிக்கும்னு முன்கூட்டி யாராலும் சொல்ல முடியாது, அதுவும் உண்மை. அதை அவங்ககிட்ட சொல்லலை. உங்ககிட்ட சொல்றேன்.

இதைக் கேட்டு முடிச்சதும் ஒரே ஒரு வேலை பண்ணுங்க. உங்க லேப்டாப்பை மூடி, சமமான மேசையில வையுங்க. ஆடுதா பாருங்க. திறந்து டச்பேடை நாலு மூலையிலயும் அழுத்திப் பாருங்க. ஒரு நிமிஷம் ஆகாது. வீட்டுல தம்பி, தங்கச்சி யாராவது "டச்பேட் வேலை செய்யலை"ன்னு சொன்னா, மவுஸ் வாங்கச் சொல்றதுக்கு முன்னாடி லேப்டாப்பைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்க.

அடுத்த வாரம் சந்திப்போம்.