பிறேக்குச் சொல்லும் செய்தி



இலக்கியமும் வரலாறும் கற்பித்துக் காலங்கழித்த ஓர் அதிபர் மோட்டார் வண்டியின் பிறேக்கைப் பற்றிப் பேச வந்தது ஏனென்று நீங்கள் வியக்கலாம். இப்பாடத்தை நான் கற்ற இடம் கல்லூரியன்று, ஒரு மலைச்சரிவு.

சில ஆண்டுகளுக்கு முன், விளையாட்டுப் போட்டியொன்று முடிந்து, நுவரெலியாவிலிருந்து றம்பொடைப் பக்கமாகப் பிக்கப் வண்டியொன்றில் இறங்கிக்கொண்டிருந்தோம். முன்னே சாரதியும் நானும். பின்னே திறந்த தட்டில் எட்டு மாணவர். அவ்வாறு அவர்களை ஏற்றியதே ஒரு பிழை. அதனினும் பெரிய பிழையை ஒரு கிழமைக்கு முன்னரே செய்திருந்தேன். "சேர், பிறேக் கொஞ்சம் இளகுது. ஒருக்காக் கழற்றிப் பார்த்தால் நல்லது" என்று சாரதி கூறியபோது, "தவணை முடியட்டும், பார்ப்போம்" என்று விடை கூறியவன் நானே.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் உள்ளது. பொழுது சாய்கிறதென்று நான் விரைவுபடுத்தவே, சாரதி வண்டியை மேல் கியரில் விட்டு, வளைவுக்கு வளைவு பிறேக்கை மிதித்தே இறங்கினார். ஒரு வளைவில் அவர் கால் தரைமட்டும் சென்றது, வண்டி நிற்கவில்லை. அவர் பதறாமல் ஒவ்வொரு கியராகக் கீழே இறக்கி, கைப்பிறேக்கைச் சிறிது சிறிதாக இழுத்து, மலைப்பக்கத்து மண்மேட்டில் வண்டியை உராயவிட்டு நிறுத்தினார். எவருக்கும் காயமில்லை.

அதன்பின் நிகழ்ந்ததே நான் சொல்ல வந்த விடயம். அரைமணி நேரம் கழித்து மிதியை மிதித்துப் பார்த்தபோது அது முன்போல் உறுதியாக நின்றது. "சரியாகிவிட்டதே, போகலாம்" என்றேன். சாரதியோ தலையசைத்தார். "சூடு ஆறியிருக்கு சேர், வருத்தம் மாறவில்லை" என்றார். மாணவரைப் பேருந்தில் அனுப்பிவிட்டு, வண்டியை மறுநாள் கட்டியிழுத்துக் கராஜுக்குக் கொண்டு சென்றோம்.

அவர் கூற்றின் பொருளை அறியப் பிறேக்கின் அமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும். அடைபட்ட திரவத்தின் ஓரிடத்திற் கொடுக்கும் அழுத்தம் குறைவின்றி எங்கும் பரவும் என்பது 17ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கால் விளக்கிய உண்மை. நாம் மிதியை அழுத்தும்போது, மெக்கானிக்குகள் மாஸ்ரர் சிலிண்டர் என வழங்கும் உருளையினுள் உள்ள பிறேக் எண்ணெய் அழுத்தப்பட்டு, குழாய்வழியே நான்கு சில்லுகளுக்கும் செல்கிறது. பெரும்பாலான பிக்கப் வண்டிகளில் முன்சில்லுகளில் வட்டத்தட்டைப் பாட்டுகள் கவ்வுகின்றன. பின்சில்லுகளில் டிறம்மினுள் லைனர்கள் விரிந்து உராய்கின்றன. கைப்பிறேக்கோ கம்பியால் இயங்குவது. அதற்கு எண்ணெய் வேண்டியதில்லை. அன்று அது எமக்குக் கைகொடுத்த காரணம் இதுவே.

திரவம் அழுத்தத்தாற் சுருங்காது, வாயுவோ சுருங்கும். பிறேக் எண்ணெய்க்குக் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்பு உண்டு. டொட் 3 என்னும் வகைக்கு விதிக்கப்பட்ட கொதிநிலை, புதிதாயிருக்கையில் குறைந்தது 205 பாகை செல்சியஸ். ஈரம் ஊறிய நிலையில் 140 பாகையே. நெடுஞ்சரிவில் ஓயாது பிறேக்கை மிதிக்கச் சில்லுகள் சூடேறி, பழைய எண்ணெய் கொதித்து ஆவியாகிறது. பின்னர் மிதிப்பது ஆவியைச் சுருக்குமேயன்றிப் பாட்டுகளைத் தள்ளாது. சூடு தணிந்தால் ஆவி மீண்டும் திரவமாகும். மிதியும் உறுதி பெறும். குறையோ உள்ளேயே இருக்கும். எமது வண்டியின் எண்ணெய் கருகிய தேயிலைச் சாயம்போல் இருந்தது. பல ஆண்டுகளாக எவரும் அதை மாற்றியிருக்கவில்லை.

ஆதலின், குறை எதுவென அறிய முதலில் மிதியைக் கேட்க வேண்டும். வண்டியை நிறுத்தி வைத்து மிதியை அழுத்திப் பிடியுங்கள். மெல்ல மெல்ல அது கீழிறங்குமாயின் எங்கோ கசிவுண்டு. சில்லுகளின் உட்புறத்தையும் குழாய்களையும் ஈரமுண்டோவெனப் பாருங்கள். வெளியே ஈரம் இல்லையாயின், மாஸ்ரர் சிலிண்டரின் உள்ளே றப்பர் தேய்ந்திருக்கலாம். மிதி பஞ்சுபோல் மெத்தென்றிருந்தால் குழாயினுட் காற்றுப் புகுந்துள்ளது. தாழ்ந்து சென்று, இருமுறை மிதித்தபின் உயர்ந்து உறுதியாக நின்றால், பின்சில்லு லைனர்கள் தேய்ந்தோ இடைவெளி கூடியோ இருத்தல் கூடும். மிதி கல்லைப்போல் இறுகியும் வண்டி நிற்கத் தயங்குமாயின் பூஸ்டரை ஐயுறலாம். இயந்திரத்தை நிறுத்திப் பலமுறை மிதித்துவிட்டு, காலை எடுக்காமல் மீண்டும் இயக்குங்கள். நல்ல பூஸ்டராயின் மிதி சற்றுக் கீழிறங்கும். உலோகத்தோடு உலோகம் அரையும் ஓசை கேட்டால் பாட்டு முற்றாகத் தேய்ந்தது என்க. வண்டி ஒரு பக்கம் இழுத்தால், முதலில் ரயர்களின் காற்றைச் சரிபார்த்து, பின்னர் இரு முன்சில்லுகளையும் ஒப்பிட்டு நோக்குக. பெரும்பாலும் மறுபக்கத்துச் சில்லே பிடிக்காதிருக்கும்.

பிக்கப்புக்கே உரிய ஒன்றும் உண்டு. பாரம் இல்லாதபோது அதன் பின்பகுதி இலேசானது. கடுமையாக மிதித்தால் பின்சில்லுகள் பூட்டிக்கொண்டு வண்டி வழுக்கும். இதனைத் தடுக்கப் பல வண்டிகளில் பாரத்துக்கேற்பப் பின்பிறேக்கின் அழுத்தத்தை அளவிடும் வால்வு ஒன்று உளது. வில்லை உயர்த்திக் கட்டுவோர் இதனை மறந்துவிடுகின்றனர்.

காற்றை எடுத்தல் இருவர் செய்யும் வேலை. வழக்கமாக, மாஸ்ரர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள சில்லிலிருந்து தொடங்குவர். வண்டியின் கைந்நூல் வேறு ஒழுங்கு கூறின் அதுவே முறை. ஒருவர் மிதியை அழுத்திப் பிடிக்க, மற்றவர் சில்லிலுள்ள நிப்பிளைத் திறந்து எண்ணெயும் குமிழும் வெளியேறவிட்டு, மிதி எழுமுன் மூடவேண்டும். குமிழ் நிற்கும்வரை இவ்வாறு செய்க. மேலேயுள்ள கலத்தில் எண்ணெய் வற்றவிடலாகாது; வற்றினால் காற்று மீண்டும் புகும். அதில் இயந்திர எண்ணெயை ஊற்றுவது பெருந்தவறு. றப்பர் ஊதிக் கெடும். டிறம்மின் தூசியை வாயால் ஊதாதீர்கள். பழைய லைனர்களில் நுரையீரலைக் கெடுக்கும் கல்நார் இருக்கக்கூடும். லைனரும் பாட்டும் ஒரே அச்சின் இருபக்கமும் சேர்த்தே மாற்றப்படல் வேண்டும். ஐயம் இருப்பின் தேர்ந்த மெக்கானிக்கிடம் ஒப்படைத்தலே அறிவுடைமை.

பிறேக் எண்ணெயை இரண்டாண்டுக்கு ஒருமுறையாவது மாற்றுங்கள். சரிவில் ஏறுவதற்கு எந்தக் கியர் தேவையோ, ஏறத்தாழ அதே கியரில் இறங்குங்கள். இவற்றினும் மேலாக, வண்டியைச் செலுத்துபவர் குறையொன்றைச் சொன்னால் அன்றே செவிகொடுங்கள். வண்டியின் நோவை முதலில் உணர்வது அவர் காலே.

அன்று பின்தட்டில் இருந்த எண்மரும் இன்று வளர்ந்துவிட்டனர். அவர்களில் எவரையேனும் காணும்போதெல்லாம், "தவணை முடியட்டும்" என்ற என் சொற்கள் என் காதில் ஒலிக்கின்றன. தவணை முடியும்வரை பிறேக்குக் காத்திருக்கவில்லை, நேயர்களே.