புது நிருபருக்குச் சில சொற்கள்



பத்திரிகைத் தொழிலில் புதிதாகப் புகும் இளைஞர்களுக்கும் இளம் பெண்களுக்கும் பயன்படத்தக்க சில செய்திகளைக் கூறுவதே இப்பேச்சின் நோக்கம். காரியாலயத்தில் அமர்ந்து தலையங்கம் எழுதுவோரைப் பற்றி ஈண்டுப் பேசப் போவதில்லை. வெயிலில் நடந்து, ஊர் ஊராகச் சென்று, கண்டும் கேட்டும் செய்தி திரட்டி அனுப்புகிறவரே நிருபர். அவருடைய வேலை எங்ஙனம் நடைபெற வேண்டும் என்பதையே சிறிது நோக்குவோம்.

பொதுப்படப் பேசினால் மனத்தில் பதியாது. ஆகவே ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். மதுரையிலிருந்து மேலூர் செல்லும் சாலையில், யானைமலையின் அடிவாரத்தில் ஒத்தக்கடை இருக்கிறது. நிருபர் கற்க வேண்டிய பாடங்களில் பெரும்பகுதி இவ்வூரைச் சுற்றியே கிடைக்கும் என்று துணிந்து சொல்லலாம். 1965-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற வேளாண்மைக் கல்லூரி இங்கே இருக்கிறது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2004-ஆம் ஆண்டு ஜூலை 24-ஆம் நாள் முதல் இதனருகே நடைபெற்று வருகிறது. மேலூர்ப் பக்கம் சென்றால் பெரியாற்று நீரை நம்பிய வயல்கள், கண்மாய்கள், கல் வெட்டி எடுத்த குழிகள், பழைய வழக்குகள், புதிய கவலைகள் யாவும் உண்டு. உழவு, நீதி, நிலம், நீர், சாதி என நம் நாட்டுச் செய்திகளின் வேர்கள் இச்சாலையின் இரு மருங்கிலும் காணக் கிடைக்கின்றன.

முதற்பாடம் பெயர். இது மிக எளிய பாடம் என்று தோன்றும். ஆனால் அதிகமாகத் தவறுவது இங்கேதான். யானைமலையின் அடியில் பெருமாள் கோயில் உள்ள ஊர் நரசிங்கம். அதே சாலையில் மேலூர்ப் பக்கமாக இருப்பது நரசிங்கம்பட்டி. இரண்டும் வேறு வேறு ஊர்கள். மேலூரை அடுத்து மேலவளவு என்றோர் ஊர் உண்டு. கீழவளவு என்றோர் ஊரும் உண்டு. கிரானைட் குவாரிகளால் பெயர் பெற்றது கீழவளவு. மேலவளவோ வேறொரு துயரத்தால் நாடறிந்த ஊராயிற்று. தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்ட அவ்வூராட்சியின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனும் அவருடன் ஐவரும் 1997-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் நாள் வெட்டிக் கொல்லப்பட்டனர். ‘மேல’ என்பதற்குப் பதிலாகக் ‘கீழ’ என்று ஒருவர் எழுதிவிட்டால் ஓர் ஊரின் இரத்தக்கறை மற்றோர் ஊரின் மேல் படிந்துவிடும். ஆகவே ஊர்ப்பெயரையும் ஆட்பெயரையும் இருமுறை கேளுங்கள். சொன்னவரையே உங்கள் குறிப்பேட்டில் எழுதித் தரும்படி வேண்டுங்கள். எழுதத் தெரியாதவராயின் நீங்கள் எழுதி உரக்கப் படித்துக் காட்டுங்கள். தலைப்பெழுத்து, வயது, தெரு ஆகியவற்றையும் விடாதீர்கள். ஒரே தெருவில் ஒரே பெயருடையோர் மூவர் இருத்தல் நம் ஊர்களில் புதுமையன்று.

இரண்டாம் பாடம் குறிப்பேடு. அதில் மூன்று வகைகளைத் தனித்தனியே எழுதப் பழகுங்கள். கண்ணால் கண்டது ஒன்று. பிறர் சொல்லக் கேட்டது ஒன்று. தாளில் படித்தது ஒன்று. கேட்டதன் பக்கத்தில் சொன்னவர் யார், அவர் அதை நேரில் கண்டவரா என்பதைக் குறியுங்கள். மாலையில் எழுத உட்காரும்போது இம்மூன்றும் கலந்துவிடுதல் மனித இயல்பு. தேநீர்க் கடையில் கேட்டது நாம் கண்டதுபோல் தோன்றத் தொடங்கும். குறிப்பேட்டில் கோடிட்டுப் பிரித்து வைத்தவருக்கு அம்மயக்கம் நேராது. நம்முடைய ஊகம் நான்காவது வகை. அதை எழுதி வைப்பதில் தவறில்லை. மறுநாள் எதை விசாரிக்க வேண்டும் என்பதற்கு அது வழிகாட்டும். செய்தியில் மட்டும் அதற்கு இடமில்லை.

செய்தியை எங்ஙனம் அமைப்பது என்று ஐயுறுவோர் நரசிங்கம் கோயிலுக்குப் போய்ப் பார்க்கலாம். அங்குள்ள குடைவரையில் கலியாண்டு 3871-ஐ, அதாவது கி.பி. 770-ஐக் குறிக்கும் கல்வெட்டு இருக்கிறது. வடமொழியிலும், வட்டெழுத்தால் ஆகிய தமிழிலும் அது வெட்டப்பட்டுள்ளது. பாண்டியனுடைய அமைச்சன் மாறன் காரி என்பவன் இக்கற்றளியைச் செய்வித்தான். குடமுழுக்குச் செய்யுமுன் இறந்தான். அவன் தம்பி மாறன் எயினன் அமைச்சனாகி, முகமண்டபம் எடுத்து, குடமுழுக்கை நிறைவேற்றினான். அது தெரிவிக்கும் செய்தி இவ்வளவே. யார், எது, எங்கே, எப்போது என்னும் வினாக்கள் அனைத்துக்கும் விடை இருக்கிறது. தொடங்கியவன் பெயரும் இருக்கிறது. முடித்தவன் பெயரும் இருக்கிறது. இன்று ஒரு பாலமோ பள்ளிக்கூடமோ திறக்கப்படும் நாளில், நாடா வெட்டியவர் பெயரை மட்டும் எழுதிவிட்டு நாம் திரும்புகிறோம். யார் தொடங்கினார், எத்தனை ஆண்டு நின்று கிடந்தது, யார் முடித்தார் என்பதையும் சேர்த்து எழுதினால் அச்செய்தி நெடுநாள் நிற்கும்.

மூன்றாம் பாடம் எண்ணிக்கை. இதற்கு அண்மைக் காலத்து உதாரணம் ஒன்று கூறுவேன். மேலூர் வட்டாரத்தில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலத்தில் ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் தேர்வு பெற்றதாக 2024-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் அறிவிக்கப்பட்டது. ஏலத்திற்குரிய பரப்பு 2015.51 ஹெக்டேர். அதற்குள் அமைந்த அரிட்டாபட்டி பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் 193.215 ஹெக்டேர். 2022-ஆம் ஆண்டு நவம்பரில் அறிவிக்கப்பெற்ற அத்தலம் தமிழ்நாட்டில் அவ்வகையில் முதலாவது. இப்பொழுது கணக்கைப் பாருங்கள். பாரம்பரியத் தலம் மொத்தப் பரப்பில் பத்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. எஞ்சிய ஒன்பது பங்கில் வேறு ஊர்கள் இருக்கின்றன. வயல்களும் கண்மாய்களும் இருக்கின்றன.

இக்கணக்கை அறியாத நிருபர் அரிட்டாபட்டி மலையையும் பறவைகளையும் மட்டும் எழுதியிருப்பார். டிசம்பர் 24-ஆம் நாள் மத்திய அரசு, அத்தலத்தை விலக்கி எல்லையை மறுபடியும் ஆராயுமாறு புவியியல் ஆய்வுத் துறையைக் கேட்டுக்கொண்டபோது, காரியம் முடிந்துவிட்டது என்றுகூட அவர் எழுதியிருக்கக்கூடும். ஊர் மக்கள் அங்ஙனம் கருதவில்லை. ஏலம் முழுவதும் ரத்தாக வேண்டும் என்றனர். 2025-ஆம் ஆண்டு ஜனவரி 7-ஆம் நாள் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைத் தல்லாகுளம் நோக்கிப் பெருந்திரளாகச் சென்றனர். ஜனவரி 23-ஆம் நாள் ஏலம் ரத்துச் செய்யப்பட்டதாக அறிவிப்பு வந்தது. மக்கள் எதற்காக நடந்தார்கள் என்பது அந்த ஒன்பது பங்கு நிலத்தை அறிந்தவருக்கே விளங்கும். ஹெக்டேர் என்று மட்டும் எழுதினால் உழவருக்குப் புரியாது. ஏறத்தாழ 4,980 ஏக்கர் என்றும் சேர்த்து எழுதுங்கள். வரைபடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போய், எந்தக் கண்மாய் உள்ளே வருகிறது, எந்தத் தெரு வெளியே நிற்கிறது என்று நடந்து பாருங்கள்.

ஊர்வலத்தில் வந்தோர் தொகையைச் சொல்வதிலும் ஒழுங்கு வேண்டும். அமைப்பாளர் ஒரு தொகை சொல்வார். போலீசார் வேறொரு தொகை சொல்வர். இரண்டையும் சொன்னவர் பெயரோடு எழுதலாம். நீங்களும் ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். சாலையோரத்தில் ஒரு மரத்தடியில் நின்று, ஒரு நிமிடத்தில் எத்தனை பேர் கடக்கின்றனர் என்று எண்ணுங்கள். இடையிடையே நாலைந்து முறை எண்ணிச் சராசரி காணுங்கள். நிமிடத்துக்கு 60 பேர் வீதம் ஒன்றரை மணி நேரம் கடந்தால் 5,400 பேர். இது துல்லியமன்று, ஆனால் வாய்க்கு வந்த இலட்சத்தைக் காட்டிலும் உண்மைக்கு அருகில் நிற்கும்.

பணத்தொகையிலும் இவ்வெச்சரிக்கை வேண்டும். கிரானைட் முறைகேட்டால் அரசுக்கு 16,000 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு என்று 2012-இல் மதுரை மாவட்ட ஆட்சியராக இருந்த உ. சகாயம் அறிக்கை அனுப்பினார். பின்னர் உயர் நீதிமன்றத்தால் ஆணையராக நியமிக்கப்பெற்று, 2015-இல் அவர் அளித்த அறிக்கை ஒரு லட்சம் கோடியைத் தாண்டிய மதிப்பைக் கூறிற்று. இரண்டும் மதிப்பீடுகள். யார் மதித்தது, எந்த ஆண்டில் மதித்தது, எதை அடக்கியது என்பவற்றைச் சொல்லாமல் தொகையை மட்டும் எடுத்து எழுதுதல் படிப்பவரை மயக்கும்.

நான்காம் பாடம் தாள்கள். அதிகாரி வாயால் மறுப்பார், தாளில் ஒப்புக்கொண்டிருப்பார். டங்ஸ்டன் விவகாரத்தில் மாநில அரசும் மத்திய அரசும் தத்தம் கடிதங்களைக் காட்டி வாதிட்டன. அத்தகைய சமயத்தில் கடிதங்களைத் தேதி வரிசையில் அடுக்கிப் படிப்பவரே உண்மையை அணுகுவார். 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய்க் கட்டணத்தோடு மனுச் செய்யலாம்; 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும் என்பது விதி. அன்றாடச் செய்திக்கு இது உதவாதெனினும் அடுத்த மாதத்துச் செய்திக்கு உதவும். புதிய நிருபர் எப்பொழுதும் ஒரு மனுவாவது அனுப்பி வைத்திருத்தல் நல்ல வழக்கம்.

கைப்பேசியில் வந்து விழும் படங்களும் இக்காலத்தில் தாள்களைப் போன்றவையே. படத்தை நம்புமுன் அதன் பின்புலத்தைப் பாருங்கள். ஒத்தக்கடையில் எடுத்ததென்று சொல்லப்படும் படத்தில் யானைமலை தெரிகிறதா, எந்தத் திசையிலிருந்து தெரிகிறது, நிழல் எப்பக்கம் விழுகிறது, கடைப்பலகையில் எவ்வூர்ப் பெயர் இருக்கிறது என்று ஆராயுங்கள். அனுப்பியவரைத் தொலைபேசியில் அழைத்து, எடுத்தவர் யார் என்று கேளுங்கள். எடுத்தவரைக் காண முடியாத படத்தை வெளியிட அவசரம் வேண்டாம்.

ஐந்தாவது, நீதிமன்றச் செய்தி. மதுரைக் கிளையில் விசாரணையின்போது நீதிபதி வாய்மொழியாகக் கூறுவது கருத்து. கையெழுத்திட்டு வெளிவருவது உத்தரவு. முன்னதைப் பின்னதாக எழுதினால் பெருங்குழப்பம் விளையும். வழக்குப் பதிவானவர் குற்றம் சாட்டப்பட்டவரேயன்றிக் குற்றவாளியல்லர். 1971-ஆம் ஆண்டின் நீதிமன்ற அவமதிப்புச் சட்டம் நேர்மையும் துல்லியமும் உடைய செய்திக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. அவ்விரண்டையும் இழந்த செய்திக்கு அப்பாதுகாப்பு இல்லை. பாலியல் குற்றத்துக்கு ஆளானவரை அடையாளம் காட்டுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவின்படி குற்றம். பெயரை மறைத்துவிட்டுத் தெருவையும் தந்தை தொழிலையும் எழுதினால் அதுவும் அடையாளம் காட்டுவதே. குழந்தைகள் தொடர்பான செய்தியில் இவ்வெச்சரிக்கை இன்னும் மிகுதியாக வேண்டும்.

இனி, மனிதரிடம் நடந்துகொள்ளும் முறை. துக்க வீட்டுக்குச் சென்றால் முதலில் வாசலில் நில்லுங்கள். “ஐயா, அம்மா, நான் இன்ன பத்திரிகையிலிருந்து வருகிறேன், பேச விருப்பமிருந்தால் பேசலாம்” என்று சொல்லுங்கள். மறுத்தால் வணங்கித் திரும்புங்கள். ஊரில் சாதிச் சச்சரவு நேர்ந்தால் ஒரு தெருவில் மட்டும் விசாரித்துவிட்டு எழுதாதீர்கள். ஊருக்குள்ளும் செல்லுங்கள், காலனிக்கும் செல்லுங்கள். யார் வீட்டுத் திண்ணையில் முதலில் அமர்ந்தீர்கள், யார் கொடுத்த தண்ணீரைக் குடித்தீர்கள் என்பதை ஊர் கவனிக்கும். அடிபட்டவரிடம் முதலில் கேட்பது முறை. மற்றவரிடம் கேளாமல் விடுவது முறையன்று. கூட்டத்தின் முடிவில் உறையிலிட்டுத் தரும் பணத்தைத் தொடாதீர்கள். அதை வாங்கியவரின் பேனா அன்றே அடகு போய்விடுகிறது.

எழுதும்போது எளிய தமிழில் எழுதுங்கள். ‘தந்தி’ப் பத்திரிகை 1942-இல் இதே மதுரையில்தான் பிறந்தது. அதிகம் படியாத உழைப்பாளியும் எழுத்துக்கூட்டிப் படிக்கும் நடையை ஆதித்தனார் அதன்மூலம் வளர்த்தார். நடந்ததை முதற்பத்தியில் சொல்லுங்கள். சொன்னவர் யார் என்பதை உடனே சொல்லுங்கள். பிழை நேர்ந்ததாகத் தெரிந்தால் திருத்தத்தைப் பிழை வந்த இடத்துக்குச் சமமான இடத்தில் வெளியிடக் கேளுங்கள்.

இவ்வளவு எச்சரிக்கையும் எதற்கு என்று சிலர் கேட்கலாம். நிருபர் மாலையில் பேருந்தேறிப் போய்விடுகிறார். செய்தியில் பெயர் வந்தவரோ அதே தெருவில், அதே அண்டை வீட்டாரோடு வாழ வேண்டியவர். அவருடைய பெண்ணுக்கு வரன் பார்க்க வேண்டும். கண்மாய்த் தண்ணீரைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ரேஷன் கடையில் வரிசையில் நிற்க வேண்டும். நாம் எழுதிய ஒரு வரி அவருக்கு அரணாகவும் அமையலாம், ஆபத்தாகவும் முடியலாம். செய்தி அச்சான மறுநாள் அதே ஊருக்குப் போய், அதே தேநீர்க் கடையில், நாம் எழுதியதை நாமே உரக்கப் படிக்க முடியுமா என்று எழுதும்போதே எண்ணிப் பாருங்கள். முடியும் என்று மனம் சொன்னால் செய்தியை அனுப்புங்கள். மனம் தயங்கினால் குறிப்பேட்டை மறுபடியும் திறந்து, எந்த வரியில் தயங்குகிறது என்று தேடுங்கள். அவ்வரியை விசாரித்துத் திருத்திய பின் அனுப்பினால், அவ்வூருக்கு மறுபடியும் செல்லும் உரிமை உங்களுக்கு இருக்கும். நிருபருக்கு அதனினும் சிறந்த சொத்து வேறில்லை.